வாசலில் கேட்ட கேள்விதான் சதவீதம் ஆகிறது

கேள்வி இதுதான்: "2011-க்குப் பிறகு இந்தியாவில் சென்சஸ் எடுக்கவே இல்லை. அப்படியிருக்க வேலையின்மை இத்தனை சதவீதம், ஆயிரம் ஆண்களுக்குப் பெண்கள் இத்தனை பேர் என்றெல்லாம் எப்படிச் சொல்கிறார்கள்? அந்த எண்களை எவ்வளவு நம்பலாம்?"

சுருக்கமான பதில்: இன்று நாம் செய்தியில் பார்க்கும் எண்களில் பெரும்பாலானவை சாம்பிள் சர்வேக்களிலிருந்து வருகின்றன. அந்தச் சர்வேக்களுக்கு அடித்தளம் 2011 சென்சஸ். நம்பலாம். ஆனால் ஒவ்வொரு எண்ணும் யாரோ ஒருவர் வாசலில் நின்று கேட்ட கேள்விக்கு வீட்டுக்குள்ளிருந்து யாரோ ஒருவர் சொன்ன பதில்தான். என்ன கேட்டார்கள், யார் பதில் சொன்னார்கள் என்று தெரியாமல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டால் தவறான முடிவுக்குப் போய்விடுவோம். கள ஆய்வுத் தரவுகளோடு நெடுநாள் பழகியவன் என்பதால் இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலில் எப்படி எண்ணுகிறார்கள் என்பது. 2011 கணக்கெடுப்பு இரண்டு கட்டமாக நடந்தது. 2010 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை வீட்டுப்பட்டியல் எடுத்தார்கள். சுவர் எதனால் ஆனது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிப்பறை உண்டா, சைக்கிள் உண்டா, டிவி உண்டா என்று வீட்டைப் பற்றிய கேள்விகள். ஆட்களை எண்ணியது 2011 பிப்ரவரி 9 முதல் 28 வரை. நடைபாதையிலும் ரயில் நிலையத்திலும் படுத்துறங்குபவர்களை 28-ஆம் தேதி இரவில் எண்ணினார்கள். கணக்கு நிற்கும் நேரம் மார்ச் 1 பிறக்கும் நள்ளிரவு. அதன்பின் மார்ச் 5 வரை அதே வீடுகளுக்குத் திரும்பப் போய், இடையில் பிறந்த குழந்தையைச் சேர்த்து, இறந்தவர் பெயரை எடுத்தார்கள். சுமார் 27 லட்சம் பேர் இந்த வேலையைச் செய்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் பள்ளி ஆசிரியர்கள். செலவு ஏறக்குறைய 2,200 கோடி ரூபாய். கிடைத்த எண் 121 கோடி.

உங்கள் ரேஷன் கார்டு எந்த ஊரில் இருக்கிறது, ஓட்டு எங்கே என்பதெல்லாம் சென்சஸுக்குத் தேவையில்லை. எண்ணும் நாட்களில் வழக்கமாக எங்கே தங்குகிறீர்களோ அங்கேதான் எண்ண வேண்டும். திருப்பூர் பனியன் கம்பெனி விடுதியில் தங்கி வேலை பார்க்கும் ஒடிசா இளைஞர் திருப்பூர்க் கணக்கில் வர வேண்டியவர். ஊரில் இருக்கும் அம்மா பாசத்தில் "எங்க வீட்ல அஞ்சு பேரு" என்று அவரையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் ஒருவர் இரண்டு இடத்தில் ஏறிவிடுவார். அம்மாவும் சொல்லவில்லை, விடுதிக்கும் யாரும் போகவில்லை என்றால் எங்குமே இல்லாமல் போய்விடுவார்.

இப்படி எத்தனை பேர் விடுபடுகிறார்கள் என்பதையும் கணக்கிடுகிறார்கள். சென்சஸ் முடிந்தபின் சில பகுதிகளைத் தேர்ந்தெடுத்து, வேறு ஆட்களை அனுப்பி மறுபடி எண்ணி, இரண்டு பட்டியலையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். 2001-இலும் 2011-இலும் கிடைத்த விடை ஒன்றே: நிகரமாக ஆயிரத்துக்கு 23 பேர் விடுபட்டிருக்கிறார்கள். இவ்வளவு பெரிய நாட்டுக்கு இது மோசமில்லை. ஆனால் 121 கோடியில் ஆயிரத்துக்கு 23 என்றால் இரண்டே முக்கால் கோடிப் பேர். அவர்கள் நாடு முழுக்கச் சமமாகப் பரவியிருப்பதும் இல்லை. கிராமத்தைவிட நகரத்தில்தான் விடுபடுதல் அதிகம். இடம் மாறிக்கொண்டே இருப்பவர்களும் கைக்குழந்தைகளும்தான் எளிதில் தவறிப்போவார்கள்.

விடுபடுவதைவிடச் சிக்கலானது கூடுதலாகச் சேர்வது. இதற்கு நாகாலாந்தைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. அங்கே 1991-இல் 12.1 லட்சம் பேர். 2001-இல் 19.9 லட்சம், அதாவது பத்தே ஆண்டில் 64 சதவீத வளர்ச்சி. எந்தப் பிறப்பு விகிதத்தாலும் அது சாத்தியமில்லை. 2011-இல் 19.8 லட்சம்! போரும் பஞ்சமும் இல்லாத மாநிலத்தில் மக்கள்தொகை குறைந்திருக்கிறது. நடந்தது என்னவென்றால், தொகுதி மறுவரையறை, அதாவது மக்கள்தொகைப்படி தொகுதிகளைப் புதிதாகப் பிரிப்பது, வரப்போகிறது என்று தெரிந்ததும் ஒவ்வொரு பழங்குடியும் ஒவ்வொரு கிராமமும் தங்கள் எண்ணிக்கையை ஏற்றிச் சொல்லியிருந்தன. வெளியூரில் இருப்பவர்கள் எல்லாரும் கிராமத்திலும் எழுதப்பட்டார்கள். 2001 எண்ணை மாநில அரசே ஏற்க மறுத்தது. 2011-இல் கிராமத் தலைவர்களோடு பேசி, கவனமாக எடுத்த பிறகுதான் வீக்கம் வடிந்தது. எண்ணிக்கைக்குப் பதவியும் பணமும் கிடைக்கும் என்றால் எண்ணிக்கை வளரும். நாடு முழுக்கச் சாதிக் கணக்கெடுப்பும் மறுவரையறையும் அடுத்தடுத்து வரவிருக்கும் காலத்தில் இதை நான் உண்மையான கவலையோடு சொல்கிறேன்.

அடுத்தது, பதில் சொல்பவர் யார்? ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்பதில்லை. வீட்டில் இருக்கும் ஒருவர் எல்லாருக்குமாகச் சொல்வார், பெரும்பாலும் குடும்பத் தலைவர். அவருக்கு மருமகளின் படிப்பு சரியாகத் தெரியாது, அம்மாவின் வயதும் தெரியாது. வயதுக் கணக்கைப் பார்த்தாலே இது புரியும். 40, 45, 50 என்று 0-விலும் 5-இலும் முடியும் வயதுகளில் கூட்டம் குவிந்திருக்கும்; 41, 49 எல்லாம் காலியாகக் கிடக்கும். இதைச் சமாளிக்க ஊருக்குத் தெரிந்த நிகழ்ச்சிகளை வைத்து வயதைப் பிடிப்பார்கள்: தனுஷ்கோடி புயல் வந்த 1964-இல் பிறந்திருந்தாரா, எம்.ஜி.ஆர். இறந்த 1987-இல் கல்யாணம் ஆகியிருந்ததா என்று. அப்படியும் குவியல் முழுதாகக் கரையாது. குவியல் எவ்வளவு என்று அளந்துதான் ஒரு மாநிலத்தின் தரவுத் தரத்தை ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள்.

2011-இல் முதன்முறையாக ஆண், பெண் தவிர 'மற்றவர்' என்ற மூன்றாவது குறியீடு தரப்பட்டது. நாடு முழுக்க 4.88 லட்சம் பேர், தமிழ்நாட்டில் 22,364 பேர் அதில் பதிவானார்கள். வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்ட திருநங்கை அந்த வீட்டின் பட்டியலில் வரமாட்டார். வீட்டிலேயே இருப்பவரை அப்பா "பையன்" என்றுதான் சொல்வார். ஆகவே இந்த 22,364-ஐத் தமிழ்நாட்டுத் திருநர்களின் எண்ணிக்கை என்று எடுத்துக்கொள்வது நியாயமில்லை. அப்படிப் பதிந்துகொள்ள வாய்ப்புக் கிடைத்தவர்களின் எண்ணிக்கை அது, அவ்வளவுதான்.

வரையறைக்கு வருகிறேன். எண்ணைப் படிப்பவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போகும் இடம் இதுதான்.

எழுத்தறிவு என்றால் 7 வயதும் அதற்கு மேலும் உள்ளவர் ஏதாவது ஒரு மொழியில் புரிந்து எழுதப் படிக்கத் தெரிந்திருப்பது. யாரும் பேப்பரை நீட்டிப் படித்துக் காட்டச் சொல்வதில்லை. "தெரியும்" என்று வீட்டில் ஒருவர் சொன்னால் தெரியும். தமிழ்நாட்டின் 80 சதவீதம் அப்படி வந்த எண்தான்.

நகரம் என்றால் இரண்டு வகை. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி என்று அரசு அறிவித்தவை ஒன்று. ஊராட்சியாக இருந்தாலும் 5,000 பேருக்குமேல் வாழ்ந்து, வேலை பார்க்கும் ஆண்களில் முக்கால்வாசிப் பேர் விவசாயம் அல்லாத வேலையில் இருந்து, சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது இருந்தால் சென்சஸ் அதையும் நகரமாக எண்ணும். தமிழ்நாட்டில் இந்த இரண்டாம் வகை ஊர்கள் 2001-இல் 111. 2011-இல் 376. மாநிலத்தில் 48 சதவீதம் பேர் நகரவாசிகள் என்று பெருமையாகச் சொல்கிறோமே, அதில் இவர்களும் உண்டு. கணக்கில் நகரம், நிர்வாகத்தில் இன்னும் ஊராட்சி. மக்களுக்கு அதில் நஷ்டம் என்றும் சொல்லிவிட முடியாது. நூறு நாள் வேலை போன்ற ஊரக வேலைத் திட்டங்கள் ஊராட்சிக்குத்தான் வரும், நகராட்சிக்கு வராது. ஊராட்சியை நகராட்சியோடு இணைக்கப் போகிறார்கள் என்றால் ஊரே திரண்டு மறியல் செய்வது இதனால்தான். 2004-இல் தமிழ்நாடு அரசே நூற்றுக்கணக்கான பேரூராட்சிகளைக் கிராமப்புற நிதி கிடைக்கட்டும் என்று ஊராட்சிகளாக மாற்றி, 2006-இல் பழையபடி ஆக்கியது. அங்கே வாழ்ந்தவர்கள் இடம் மாறவில்லை, தொழில் மாறவில்லை. பெயர்ப்பலகைதான் மாறியது.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் உறுத்துவது பெண்களின் வேலைக் கணக்கு. "வீட்டம்மா என்ன வேலை பார்க்கிறாங்க?" என்று கேட்டால் "வேலைக்கெல்லாம் போகலை, சும்மா வீட்லதான் இருக்காங்க" என்று பதில் வரும். அந்தப் பெண் காலையில் மாட்டில் பால் கறந்திருப்பார். பகலெல்லாம் தென்காசிப் பக்கமாக இருந்தால் பீடி சுற்றியிருப்பார், சாத்தூர்ப் பக்கமாக இருந்தால் தீப்பெட்டி ஒட்டியிருப்பார், மதுரைப் பக்கமாக இருந்தால் பூக் கட்டியிருப்பார். சென்சஸ் விதிப்படி இவையெல்லாம் வேலைதான். சொந்த வயலில் சம்பளம் இல்லாமல் உழைப்பதும், வீட்டுத் தேவைக்காக மட்டும் மாடு வைத்துப் பால் கறப்பதும்கூட வேலை என்றுதான் கணக்கெடுப்பாளருக்குத் தரப்படும் கையேடு சொல்கிறது. விதி சரியாக இருக்கிறது. வாசலில்தான் அது கைநழுவுகிறது. "வேலை பார்க்கிறாங்களா?" என்று ஒரே கேள்வியோடு நிறுத்தினால் "இல்லை". "மாடு பார்த்துக்கறது யாரு? பீடி சுத்துறாங்களா? களையெடுக்கப் போவாங்களா?" என்று மூன்று கேள்வி கேட்டால் அதே பெண் உழைப்பாளி. பொறுமையான ஒரு ஆசிரியர் ஒரு தெருவின் புள்ளிவிவரத்தையே மாற்றிவிடுவார்.

அதோடு முடியவில்லை. ஆறு மாதத்துக்குமேல் வேலை செய்தால் முதன்மைத் தொழிலாளர், குறைவாக என்றால் குறுங்காலத் தொழிலாளர். நடவு, களை, அறுப்பு என்று விட்டுவிட்டு வேலை கிடைக்கும் பெண்கள் இரண்டாவது வரிசையில் போய் விழுகிறார்கள். சமையல், துணி துவைத்தல், தண்ணீர் எடுத்தல் இந்தக் கணக்கில் எங்குமே வராது. அதை அளக்க 2019-இல் நாடு தழுவிய நேரப் பயன்பாட்டு ஆய்வு ஒன்றை நடத்தினார்கள். சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஒரு நாளில் அதற்குச் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம். அதே வேலையைச் செய்யும் ஆண்கள் 97 நிமிடம். ஐந்து மணி நேரம் தினமும் உழைக்கும் ஒருவரை "வேலை செய்யாதவர்" என்று எழுதுவது எனக்கு ஒருபோதும் சரியாகப் பட்டதில்லை.

இனி நேரடியாகக் கேட்டதற்கு வருகிறேன்: சென்சஸ் இல்லாத ஆண்டுகளில் எண்கள் எப்படி வருகின்றன?

பிறப்பு, இறப்பு விகிதங்களுக்கு மாதிரிப் பதிவு முறை இருக்கிறது. தேர்ந்தெடுத்த ஊர்களிலும் நகரப் பகுதிகளிலும் ஆண்டு முழுக்கப் பதிவு செய்துகொண்டே இருப்பார்கள். உடல்நலம், குழந்தை வளர்ச்சி, குடும்பக் கட்டுப்பாடு இவற்றுக்குத் தேசியக் குடும்ப நல ஆய்வு. 2019–21-இல் நடந்த ஐந்தாவது சுற்றில் 6.37 லட்சம் குடும்பங்களைச் சந்தித்தார்கள். வேலைக்கு 2017-இல் தொடங்கிய காலமுறைத் தொழிலாளர் ஆய்வு. சோதனை செய்ய ஒரு குப்பி ரத்தம் போதும் என்பது போலத்தான் சாம்பிள் வேலை செய்கிறது. ஆனால் அந்தக் குப்பி யாருடையது என்பதைத் தேர்ந்தெடுக்க முழுப் பட்டியல் ஒன்று வேண்டும். கிராமப்புறத்தில் அந்தப் பட்டியல் இன்னும் 2011 சென்சஸ்தான். கோவையைச் சுற்றியும் சென்னையைச் சுற்றியும் அன்று வயலாக இருந்த இடங்கள் இன்று அடுக்குமாடிகள். பட்டியலில் அவை இன்னும் சின்னக் கிராமங்கள். ஆய்வு முடிவை மொத்த மக்கள்தொகைக்கு விரிக்கும்போதும் 2011-ஐ வைத்துக் கணித்த உத்தேச எண்களைத்தான் பயன்படுத்துகிறார்கள். அடித்தளம் பழையதாக ஆக ஆக மேலே கட்டுவதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். எவ்வளவு நகர்ந்தது என்று பார்க்க அடுத்த சென்சஸ் வந்தாக வேண்டும்.

படிப்பவர்கள் தடுமாறும் இடங்கள் இரண்டைச் சொல்கிறேன். குடும்ப நல ஆய்வின் அந்த ஐந்தாவது சுற்று முடிவு 2021 நவம்பரில் வந்தபோது "இந்தியாவில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம், ஆயிரத்துக்கு 1020" என்று எல்லாரும் கொண்டாடினார்கள். 2011 சென்சஸில் அது 943. பத்தாண்டில் அப்படி ஒரு தாவல் எப்படி வரும்? அந்த ஆய்வு எண்ணுவது முந்தின இரவு வீட்டில் தங்கியவர்களை. வேலைக்காக வெளியூர் போய் விடுதியிலும் கட்டட வேலைக் கொட்டகையிலும் படுப்பவர்களில் ஆண்களே அதிகம்; வீடுகளை மட்டும் சந்திக்கும் ஆய்வில் அவர்கள் அகப்பட மாட்டார்கள். அதே ஆய்வின் இன்னொரு வரி, முந்தைய ஐந்து ஆண்டில் பிறந்த குழந்தைகளில் ஆயிரம் ஆணுக்கு 929 பெண் என்று சொல்கிறது. கவலைப்பட வேண்டிய எண் அது. அதைத் தலைப்பாக்கியவர்கள் குறைவு.

இன்னொன்று வேலையின்மை. 2023–24 ஆய்வு 3.2 சதவீதம் என்கிறது. பொறியியல் முடித்து வீட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கும் பெற்றோருக்கு இது பொய் என்று தோன்றும். பொய் இல்லை. வேலை இல்லை, ஆனால் தேடுகிறேன் அல்லது கிடைத்தால் செய்யத் தயார் என்பவர் மட்டுமே வேலையில்லாதவர். அண்ணன் கடையில் சம்பளமில்லாமல் உட்கார்ந்திருப்பவர் வேலையில் இருப்பவர். மேலும் அந்த 3.2 ஓராண்டு நிலவரத்தைக் கேட்டு வந்தது. ஒரு வாரத்தை மட்டும் கேட்டால் அதே ஆய்வில் 4.9. வேலை பார்க்கும் அல்லது வேலை தேடும் பெண்களின் பங்கு 2017–18-இல் இருந்த 23.3-இலிருந்து 41.7 சதவீதமாக உயர்ந்ததிலும் சொந்த நிலத்தில், சொந்தக் கடையில் உதவுபவர்கள் பெரும் பங்கு. முன்னால் விடுபட்டவர்கள் இப்போது எண்ணப்படுகிறார்கள் என்றால் நல்லது. வேறு வழியில்லாமல் அந்த வேலைக்குத் திரும்பியிருந்தால் நல்லதில்லை. சதவீதத்தை மட்டும் பார்த்து எது என்று சொல்ல முடியாது.

இந்த எண்களைக் கொண்டு என்ன செய்கிறார்கள்? முதலில் சோறு. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி கிராமத்தில் 75 சதவீதம், நகரத்தில் 50 சதவீதம் வரை மானிய தானியம் உண்டு. அதை 2011 எண்ணால் பெருக்கி 81 கோடி என்று நிறுத்திவிட்டார்கள். மக்கள்தொகை வளர்ந்தும் ஒதுக்கீடு நகரவில்லை. பொருளியலாளர்கள் ஜான் டிரேஸும் ரீத்திகா கேராவும் விடுபட்டவர்கள் 10 கோடிக்கு மேல் என்று 2020-இல் மதிப்பிட்டார்கள். தமிழ்நாட்டில் அரிசி அட்டை வைத்திருக்கும் எல்லாருக்கும் அரிசி உண்டு என்பதால் இது நமக்கு நேரடியாகத் தெரிவதில்லை. கூடுதல் சுமையை மாநிலம் தாங்குகிறது. பீகாரிலும் ஜார்கண்டிலும் அது ஒரு குடும்பத்தின் பட்டினி.

நிதிப் பகிர்விலும் அப்படித்தான். மத்திய வரிப்பணத்தை மாநிலங்களுக்குப் பிரித்துத் தரப் பரிந்துரைக்கும் நிதிக்குழுக்களில் 14-ஆவது, 1971 மக்கள்தொகைக்கு 17.5 சதவீத எடையும் 2011-க்கு 10 சதவீத எடையும் தந்தது. 15-ஆவது குழு 1971-ஐ விட்டுவிட்டு 2011-க்கு 15 கொடுத்து, பிறப்பு விகிதத்தைக் குறைத்த மாநிலங்களுக்கு ஈடாக 12.5 ஒதுக்கியது. மக்களவைத் தொகுதிகளோ இன்னும் 1971 எண்ணிக்கைப்படிதான் மாநிலங்களுக்குப் பங்கிடப்பட்டுள்ளன. 1976-இல் உறையவைத்ததை அரசியல் சட்டத்தின் 84-ஆவது திருத்தம், 2026-க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் சென்சஸ் வெளியாகும் வரை என்று நீட்டியது. 2025 ஜூனில் வந்த அறிவிக்கைப்படி அடுத்த சென்சஸின் கணக்கு நிற்கும் நாள் 2027 மார்ச் 1. பனி மூடும் மலைப்பகுதிகளுக்கு மட்டும் 2026 அக்டோபர் 1. இந்தத் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தமிழ்நாட்டின் 39 இடங்களைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு என்று விளங்கும்.

சாதி பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் 2027-இல் அதையும் கேட்கப் போகிறார்கள். எல்லாச் சாதிகளையும் கடைசியாக முழுமையாக வெளியிட்டது 1931. பிற்படுத்தப்பட்டோர் 52 சதவீதம் என்று மண்டல் குழு சொன்னது அந்த எண்களை வைத்துச் செய்த மதிப்பீடுதான். 2011 சமூகப் பொருளாதார, சாதிக் கணக்கெடுப்பில் சாதிப் பெயரை அவரவர் சொன்னபடி எழுதிக்கொண்டார்கள். 46 லட்சத்துக்குமேல் வெவ்வேறு பெயர்கள் வந்து விழுந்தன. சாதி, உட்பிரிவு, பட்டப்பெயர், எழுத்துப்பிழை எல்லாம் கலந்து. அந்தச் சாதித் தரவை வெளியிடவே இல்லை. இதைக் காட்டி, சாதியை எண்ணுவது முடியாத காரியம் என்று பலர் வாதிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தாய்மொழியையும் சென்சஸ் இப்படித்தான் கேட்கிறது. 2011-இல் மக்கள் சொன்ன தாய்மொழிப் பெயர்கள் 19,569. மொழியறிஞர்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்து அவற்றை 1,369 ஆக ஒழுங்குபடுத்தி வெளியிட்டார்கள். நேரமும் ஆளும் கொடுத்தால் சாதிப் பட்டியலையும் அப்படிச் சீர்செய்ய முடியும். பீகார் 2023-இல் முன்கூட்டியே குறியீட்டுப் பட்டியல் தயாரித்துக்கொண்டு போய் எண்ணி, அதே ஆண்டு முடிவையும் வெளியிட்டது.

தகவல் எங்கே போகும் என்ற பயமும் நியாயமானது. 1942-இல் அமெரிக்காவில் ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைக்க சென்சஸ் துறையின் தரவு உதவியது. இந்தியாவின் 1948 சென்சஸ் சட்டத்தின் 15-ஆவது பிரிவு, தனிநபர் பதிவை யாரும் பார்வையிட முடியாது, வழக்குகளில் சாட்சியமாகக் காட்டவும் முடியாது என்கிறது. கணக்கெடுப்பாளர் உங்களிடம் ஆவணம் எதையும் காட்டச் சொல்லத் தேவையில்லை. நீங்கள் சொல்வதை எழுதிக்கொள்வதுதான் அவர் வேலை.

2027-இல் செல்பேசிச் செயலியில் பதியப் போகிறார்கள், இணையத்தில் நாமே நிரப்பும் வசதியும் உண்டு என்று அறிவித்திருக்கிறார்கள். நிரப்பப் போவது பெரும்பாலும் வீட்டில் இருக்கும் இளைஞர்தான். அம்மாவின் வேலை என்ன என்ற இடம் வரும்போது ஊகத்தில் எழுதாமல், அவரிடமே போய், போன வருடம் என்னென்ன செய்தார் என்று கேட்டுவிட்டு நிரப்புங்கள்.